மங்கலாக எரிந்த நூறு வாட் பல்பு

பாய்,

நேற்று மத்தியானம் நாமக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையின் பின்சந்து வழியாகப் போனேன். சுவரோரம் சிமெண்ட் மேடையில் பெரிய ஏ.சி. பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் அனல்காற்று முகத்தில் அடித்தது. கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, மழையில் நனைந்த துப்பட்டாவை அந்தக் காற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஈரத்துணி சூடேறும்போது ஒரு வாடை வருமே, அது மூக்கில் ஏறியது. அடுத்த நிமிடம் நான் அவள் கையைத் தட்டிவிட்டிருந்தேன். துப்பட்டா சேற்றில் விழுந்தது. அவள் அழுதாள். கடைக்காரப் பையன்கள் வந்து என் சட்டையைப் பிடித்தார்கள். என்ன சொல்வது? எந்தக் கதையிலிருந்து ஆரம்பிப்பது? மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் ஞாபகமாகவே இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் பேசவில்லை. இப்போது எழுதுகிறேன்.

சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நம் கடை. இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஃப்ரிட்ஜ், கூலர், மோட்டார் எது வந்தாலும் செய்வோம். கேஸ், பைப், கம்ப்ரஸர் எல்லாம் உன் கை. ஒயரிங் என் கை. உன் அப்பாவின் மளிகைக்கடையில் உட்கார்ந்திருந்தால் உனக்கு நிழலான பிழைப்பு. அதை விட்டுவிட்டு என்னோடு வந்து கை முழுக்க எண்ணெயும் கரியுமாக நின்றாய். ஷாக் அடித்து நான் கையை உதறும்போதெல்லாம் ஒன்றே ஒன்று சொல்வாய்: “கரண்டுக்கு ஆளு தெரியாது மாப்ளே.” சொல்லிவிட்டு டீ வாங்கி வருவாய்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். மலைமேல் சோளக்காட்டிலிருந்து வாசலூர்பட்டி போகிற வழியில் ஒருவர் நாற்றுக்கூடம் கட்டினார். வாழை, மிளகு நாற்றுகளைக் கண்ணாடிக் குப்பிகளில் வைத்து வளர்க்கிற கூடம். வெளியே குளிர்தான் என்றாலும் உள்ளே சூடும் ஏறக்கூடாது, ஈரமும் ஏறக்கூடாது. அதற்காகக் கட்டிடத்துக்கு வெளியே நிற்கிற பெரிய ஏ.சி. பெட்டி ஒன்று வாங்கியிருந்தார். எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடக்கம். சுவரில் ஓட்டை போட்டுத் தகரக் குழாய் வழியாகக் குளிர்காற்றை உள்ளே விட வேண்டியதுதான். அதுவரை நாம் செய்ததிலேயே பெரிய வேலை அது. லாரியில் பெட்டிக்குப் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி மலைப்பாதையின் எழுபது வளைவும் நின்றுகொண்டே வந்தாய். நான் முன்னால் டிரைவரோடு உட்கார்ந்து வந்தேன்.

பெட்டிக்குள் ஒரு புத்தகம் இருந்தது. இங்கிலீஷ். பெட்டி வைக்கிற சிமெண்ட் மேடை காய்கிற இரண்டு நாளும் உன் பையனின் அகராதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாய். பெட்டி இருக்கும் இடத்திலேயே, வேலை செய்கிறவன் கண்ணில் படுகிற தூரத்தில், ஒரு தனி ஸ்விட்ச் இருக்க வேண்டும். ஒயர் தகரத்துக்குள் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட வேண்டும். எர்த் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். இந்த மூன்றையும் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதி என் சட்டைப்பையில் வைத்தாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. லைசென்ஸ் வைத்திருப்பவன் நான், நீ எனக்குப் பாடம் எடுப்பதா என்று.

மழை தாங்கும் ஸ்விட்ச் பெட்டி சேலத்திலிருந்து வரவேண்டியிருந்தது. வரவில்லை. எர்த்துக்குக் குழி எடுத்தால் இரண்டடியில் பாறை. கடப்பாரை தெறித்து ஆள் கை வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் பைப்பைச் சாய்வாக இறக்கி, உப்பும் கரியும் கொட்டி, தண்ணீர் ஊற்றி மூடிவிட்டேன். எர்த் அளக்கிற கருவி நம்மிடம் ஏது? வழக்கம்போல நூறு வாட் பல்பின் ஒரு முனையைக் கரண்டிலும் மறு முனையை எர்த்திலும் கொடுத்துப் பார்த்தோம். எர்த் நன்றாக இருந்தால் பல்பு பளீரென்று எரியும். அன்று அது சாமி மாடத்து விளக்கு மாதிரி எரிந்தது. உள்ளே இருக்கும் கம்பி சிவப்பாகத் தெரிந்தது. நீயும் பார்த்தாய். நானும் பார்த்தேன்.

“இது ஆகாது மாப்ளே,” என்றாய். “கீழ ஓடைகிட்ட ஈரம் இருக்கு. அங்க குழி எடுத்து இரும்புப் பட்டை இழுத்துட்டு வரலாம்.”

ஓடை நாற்பது அடிக்குக் கீழே இருந்தது. மறுநாள் திறப்பு விழா. முதலாளி பெரிய ஆட்களை எல்லாம் அழைத்திருந்தார். மேனேஜர் அரை மணிக்கு ஒருமுறை வந்து எப்போது ஓடும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வந்து ஸ்விட்சையும் போட்டு, எர்த்தையும் மாற்றிவிடலாம் என்று நான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. ஆட்கள் எதிரில் பேச்சு தடித்தது. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்: “ஒயரிங் என் வேலை. நீ உன் பைப்பைப் பாரு.”

நீ கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தாய். பிறகு மெயின் போர்டு அறைக்குப் போனாய். கம்ப்ரஸர் ஓடும் சத்தத்தைக் கேட்டு கேஸ் சரிபார்க்க வேண்டியவன் நீ என்பதால், ஸ்விட்சை உன் கைதான் போட்டது.

திறப்பு விழா அன்று ஒன்று நடந்தது. மலையில் காலையிலிருந்து மஞ்சு மூடிக் கிடந்தது. நாற்றுக்கூடத்துப் பெண்களும் காவலாளி பொன்னுசாமியின் குடும்பமும் பெட்டியைச் சுற்றி நின்று அனல்காற்றில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். பொன்னுசாமியின் மனைவி குப்பாயி சிரித்தபடியே, “ஏனுங்க, உள்ளாற குளுர வெக்கறீங்க, வெளிய அடுப்புப் பத்த வெக்கறீங்க, நல்லா இருக்குதுங்க,” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அவர்களை விலகி நிற்கச் சொன்னாய். இறங்கி வரும்போது பஸ்ஸில் என் காதருகே சொன்னாய்: “ஒரு வாரத்துல கண்டிப்பா வந்துரணும். இவுங்க இதும்மேல கை வெக்காம இருக்க மாட்டாங்க.”

ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நீ இரண்டு முறை கேட்டாய். மழை விடட்டும் என்றேன்.

அதன்பின் நடந்ததைப் பொன்னுசாமி சொல்லித்தான் நமக்குத் தெரியும். நான்கு நாளாக வெயிலே இல்லை. பிள்ளைகளின் துணி ஒன்றும் காயவில்லை. பெட்டிக்கும் பக்கத்துக் கொய்யா மரத்துக்கும் குப்பாயி ஒரு கொடி கட்டியிருக்கிறாள். காலையில் ஈரத்துணியோடு போய்ப் பெட்டிமேல் கை வைத்திருக்கிறாள். வைத்த கையை எடுக்க முடியவில்லை. பொன்னுசாமி பார்த்துவிட்டு ஓடி வந்தான். பெட்டி பக்கத்தில் ஸ்விட்ச் இல்லை. மெயின் போர்டு அறை பூட்டியிருந்தது. சாவி சோளக்காட்டில் மேனேஜரிடம். மூங்கில் கழியால் அவளை அடித்து அடித்துத் தள்ளியிருக்கிறான். அவள் விழுந்தபோது உயிர் இல்லை.

தகவல் வந்ததும் கடையைப் பூட்டாமலே பஸ் ஏறினோம். மேலே போலீஸ் இருந்தது. அவர்கள் சொல்லி நீதான் பெட்டியின் மூடியைக் கழற்றினாய். ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. பெட்டி அதிர்ந்து அதிர்ந்து, தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்திருந்தது. செம்பு பளபளவென்று தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த நொடியே ஃப்யூஸ் போயிருக்கும். பெட்டி செத்திருக்கும், அவள் இருந்திருப்பாள்.

மேனேஜர் என்னை மட்டும் ஒதுக்கமாகக் கூப்பிட்டார். கொடி கட்டி இழுத்ததில் ஒயர் அறுந்தது என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை என்றார். போலீஸ்காரர் கேட்டபோது, “ஆமாங்க, கொடி கட்டி இழுத்ததுலதானுங்க,” என்றேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

நீ ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாய். போலீஸ்காரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. மரத்தடியில் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பொன்னுசாமியின் எதிரில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாய்.

“உங்க ஊட்டுக்காரம்மா மேல ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு எங்க மேல. எர்த்து சரியில்லைன்னு தெரிஞ்சேதான் ஓட்டுனோம்.”

பொன்னுசாமி தலையை நிமிர்த்தவில்லை. கேட்டானா என்றுகூட அன்று எனக்குத் தெரியவில்லை.

அன்று இறங்கும்போது நீ ஒரு பஸ், நான் ஒரு பஸ். என் பிள்ளைகளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாய் என்று உன்மேல் எனக்கு ஆத்திரம். கடையைப் பிரித்துக்கொண்டோம். நீ சொன்னதை வைத்து இரண்டு பேர்மேலும் வழக்கு. வக்கீல் சொன்னபடி கோர்ட்டில் சொன்னேன்: நான் ஒயரை இழுத்துக் கொடுத்தேன், வேலை முடியாமல் ஓட்டக்கூடாது என்றேன், ஸ்விட்சைப் போட்டது அவர்தான். கடைசி வரி உண்மை. அது உண்மையாக இருந்ததால் மற்றதும் எடுபட்டுவிட்டது. உன்னைக் கேட்டார்கள். மங்கலாக எரிந்ததைப் பார்த்தும் நான்தான் போட்டேன் என்றாய். வேலையைச் செய்யாமல் விட்டது யார் என்று நீ சொல்லவேயில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கூண்டிலிருந்து என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

உனக்கு மூன்று மாதம் ஜெயில். நான் விடுதலையாகி வெளியே வந்து, கோர்ட் வாசலில் கரும்புச்சாறு குடித்தேன்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே நீ இரண்டு ஆட்களோடு மலை ஏறி, ஓடைக்கரையில் ஆளுயரக் குழி எடுத்து, மேலே வரை பட்டை இழுத்து, பெட்டி பக்கத்தில் ஸ்விட்சும் போட்டுவிட்டு வந்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் அரைகுறையாக விட்ட ஒயரிங்கை உன் கையால் முடித்திருக்கிறாய். அதைக் கேட்டும் நான் உன்னைப் பார்க்க வரவில்லை. நாமக்கல்லில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். ஒருமுறை சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நீ கீழே கருவிப் பையோடு நின்றிருந்தாய். மெலிந்து, தாடி நரைத்துப்போய். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாய். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி இருந்துவிட்டேன். பஸ் கிளம்பும்வரை நிமிரவில்லை.

போன வருடம் உனக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது என்று கண்டக்டர் ஒருவர் சொன்னார். அதற்குள் உன்னை அடக்கம் செய்து மூன்று நாளாகியிருந்தது. உன் வீட்டு வாசல்வரை வந்தேன். உன் பையன் “வாங்க மாமா” என்றான். அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது. உள்ளே வர முடியாமல் அப்படியே திரும்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனேன். நாற்றுக்கூடம் எப்போதோ மூடிவிட்டார்கள். பொன்னுசாமி கொஞ்சம் தள்ளி மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தான். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் வளையம் போடாதது நான். ஸ்விட்ச் வராமல் ஒயரைக் கொடுத்தது நான். பல்பு மங்கலாக எரிந்ததைப் பார்த்தும், பாய் வேண்டாம் என்று சொல்லியும், ஓட்டச் சொன்னது நான்.

அவன் களைக்கொத்தை மண்ணில் ஊன்றிவிட்டு என்னைப் பார்த்தான். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தெரியுமுங்க. அன்னிக்கு நீங்க கொடிமேல பழியைப் போட்டப்பவே தெரியும். பாய் வருசா வருசம் அவ செத்த நாளுல வருவாரு. இந்த வரப்புலதான் உக்காந்துட்டுப் போவாரு. உங்க பேரை ஒரு நாளும் எடுத்ததில்லீங்க. நானும் கேட்டதில்லை. நீங்களா எப்ப வருவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.” களைக்கொத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்: “அவரு இருக்கறப்ப வந்திருக்கலாமுங்க.”

சொல்லிவிட்டுக் குனிந்து களை வெட்டத் தொடங்கினான். நான் சோளக்காடுவரை நடந்தே வந்தேன். உனக்காகத்தான் அவன் காத்திருந்திருக்கிறான் என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் வந்து சொல்வதை நீ காதால் கேட்க வேண்டும் என்று.

குப்பாயி இறந்த நாள் இந்த வருடமும் வரப்போகிறது, பாய். நீ உட்கார்ந்த இடத்தில் போய் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை. வரச்சொல்லி அவன் அழைக்கவும் இல்லை. ஆனால் போகத்தான் போகிறேன். வரப்பின் இந்தப் பக்கம் நின்றுவிட்டு வருகிறேன்.