பூனைக்காலிப் பொடி என் பையில்

என்னங்க,

பூனைக்காலிப் பொடியைத் தேடி அலமாரியைக் கலைக்காதீர்கள். டப்பாவோடு டாக்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பிவிட்டேன். நாட்டு மருந்துக் கடையில் உங்களைப் பார்த்ததாக மேல்வீட்டு ஜெயபாரதிதான் சொன்னாள். (அவள் அங்கே போனது மருமகளுக்குத் தெரியாமல் முடித்தைலம் வாங்க. அது தனிக் கதை!)

"பார்க்கின்சனுக்கு வேற ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "இல்லம்மா" என்று பச்சைப்பிள்ளை மாதிரி தலையாட்டினீர்கள். நான் கேட்டால், "வெறும் விதைப் பொடிதானடி, அது என்ன மருந்தா?" என்று பாய்கிறீர்கள். மாத்திரை வாங்கும் கடையில் விசாரித்தேன்; மாத்திரையில் இருப்பதுதான் அந்த விதையிலும் இருக்கிறதாம். இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சித்தான் அன்றைக்குக் குளியலறையில் தலைசுற்றியிருக்கிறது.

மாத்திரையை மட்டும் போடுங்கள். கொஞ்ச நேரம் கழித்து இட்லி சாப்பிடுங்கள், ஹாட்பாக்ஸில் இருக்கிறது.

நேற்று பொடி சாப்பிட்ட பிறகு கை ஆடாமல் என் புடவையை மடித்தீர்களே, அந்தக் காலத்தில் பாண்டி பஜார் புடவைக் கடையில் விற்க நின்ற அதே கைகள். அப்போதெல்லாம் ஒரே உதறலில் பட்டுப்புடவையை விரித்து, பேசிக்கொண்டே மடித்துவிடுவீர்கள். அதைப் பார்க்கவே எதுவும் வாங்காமல் வந்துபோவேன். "புடவையைப் பாக்க வந்தியா, ஆளைப் பாக்க வந்தியா?" என்று அம்மா கிள்ளுவாள்.

அதனால்தான் டப்பாவைக் குப்பையில் போட மனம் வரவில்லை. மாத்திரையைக் குறைத்து இதைக் கொடுக்கலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

கோமதி

பி.கு.: ஜெயபாரதி கேட்டால் நான் கோயிலுக்குப் போயிருப்பதாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தெருவுக்கே சொல்லிவிடுவாள்.

இன்னொன்று. டாக்டரம்மா கூடாது என்றால் கூடாதுதான், சண்டை வேண்டாம். கை ஆடினால் ஆடட்டும். புடவையின் ஒரு முனையைப் பிடியுங்கள், மறுமுனையை நான் பிடித்துக்கொள்கிறேன்.