மாத்துப் பேச்சு

9-1-58, வியாழன்

காலையில் மலை முழுக்கப் பனி. எதிரே இருக்கும் பலாமரம்கூடத் தெரியவில்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது. பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பதினொரு பேர். மற்றதுகள் கடுக்காய் பொறுக்கப் போய்விட்டன. வந்தால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகின்றன.

மாலை ஜாவா பாய் வந்தார். வாணியம்பாடியில் தோல் பதனிடும் கிடங்குக்குக் கடுக்காய் வாங்குகிறவர். பன்னிரண்டு வருஷம் ஜாவாத் தீவின் சுரபாயாவில் கடை வைத்திருந்தாராம். பத்திரிகைக்கு நான் எழுதும் கட்டுரைக்கு (இந்தோனேசியர் சிந்தனையில் மனிதனும் சுதந்திரமும்) இவர்தான் எனக்கு வாய்த்த பல்கலைக்கழகம். தலையெழுத்து.

"அங்க கை தூக்கி ஓட்டுப் போட்றது கெடையாது சார். முஷாவரான்னுவாங்க. எல்லாரும் ஒத்துக்கிற வரைக்கும் பேசிக்கினே இருப்பாங்க. ஒருத்தன் வேணாம்னா போதும், முடிவு நின்னுபூடும்."

"அப்போ தனி மனிதனுக்குச் சுதந்திரம் எங்கே பாய்?"

"அதான் சார் சுதந்திரம். மனுஷன் தனியாவா பொறக்கறான்? பேசாம உக்காந்துட்டு, அப்பால எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு சொல்ல முடியாது பாருங்க."

குறித்துக்கொண்டேன். மனிதன் இயல்பில் ஆடு. ஆடுகள் ஒன்றாகக் கத்தினால் அதற்குப் பெயர் தத்துவமா?

10-1, வெள்ளி

தொண்டை கரகரப்பு. மிளகு வாங்க வேண்டும். கட்டுரை 3 பக்கம். இந்தோனேசிய அரசின் ஐந்து கொள்கையான பஞ்சசீலம் வேறு, நம் பத்திரிகைகளில் அடிபடும், நாடுகளுக்கிடையிலான பஞ்சசீலம் வேறு. ஒரு பத்தி விளக்கம். எவன் படிக்கப் போகிறான்?

பள்ளியில் மத்தியானச் சாப்பாடு சமைக்கும் காளியம்மா கண் வீங்கி வந்தாள். புருஷன் இன்னொருத்தியைக் கூட்டிவந்ததால் பிறந்த ஊருக்கே திரும்பி, செத்துப்போன அப்பனின் சாமைக் கொல்லையில் பாடுபடுகிறாள். அது சித்தப்பன் கண்ணை உறுத்துகிறது; ஊரில் முறையிட்டிருக்கிறான். ஞாயிறு ஊர்க்கூட்டம்.

"நீங்களும் வாங்க சார். வாத்தியாருக்கும் கூட்டத்துல பேச எடம் உண்டு. யாராவது ஒருத்தர் மாத்துப் பேச்சு சொன்னாலே போதும், முடிவு நின்னுபூடும்."

பாயின் ஜாவா இங்கேயே இருக்கிறது! வருகிறேன் என்றேன். கட்டுரைக்கு ஆகும்.

12-1, ஞாயிறு

வெயில் சுள்ளென்று. கூட்டம் மூன்று மணி நேரம். இருமல், வெற்றிலைத் துப்பல், யார் மாடு யார் துவரையை மேய்ந்தது. கடைசியில் சித்தப்பன் எழுந்தான். பெண் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும், கொல்லை தனக்கு வர வேண்டும். போகாவிட்டால் ஊர்விலக்கு. நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது.

அவனிடம் ஏர்மாடு இரவல் வாங்காதவன் அந்தக் கூட்டத்தில் ஒருவனும் இல்லை. ஊர்த் தலைவர் மூப்பர் கேட்டார்: "மாத்துப் பேச்சு உண்டா?" மறுபடி கேட்டார். இன்னொரு தரமும் கேட்டார். எவனும் மூச்சுவிடவில்லை. கோழைப் பயல்கள். மானங்கெட்ட கூட்டம்.

நான்? நான் வெளியூர்க்காரன். பார்க்கப் போனவன். இதுகளோடு யார் வாதாடுவது?

13-1, திங்கள்

காளியம்மா மூட்டையோடு வந்தாள். சாமான் அறைச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"அந்த ஆள் வீட்டுக்கா போகிறாய்?"

"வேற எங்க சார் போறது? அடிச்சாலும் அங்கதான்." வாசல்வரை போய் நின்றாள். "அவங்கல்லாம் சித்தப்பன் மாட்ட நம்பிக் கெடக்கறவங்க. உங்களுக்கு இன்னா சார் பயம்?"

பயமாம். எனக்கு! சோறு பொங்குகிறவளுக்கு வந்த வாயைப் பார்.

மத்தியானம் சோறு இல்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். கட்டுரையில் ஒரு வரிகூட ஓடவில்லை.

14-1, செவ்வாய்

பொங்கல். தூக்கமில்லை. காலையிலேயே மூப்பர் வீட்டுக்குப் போனேன். எனக்கு மாற்றுப் பேச்சு உண்டு, முடிவை நிறுத்துங்கள் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மனிதர் கோபப்படவில்லை. கட்டில் போட்டு உட்காரவைத்தார்.

"கூட்டம் கலைஞ்சா சொன்ன சொல்லத் திருப்ப முடியாதுங்க சார். ஒரு தரம் கேக்கறதுதான் எங்க வழக்கம். மாட்டுக்கு அவன்கிட்ட போய் நிக்கறவங்க நாங்க, எங்களால முடியல. நீங்க எதுனா சொல்லுவீங்கன்னுதான் மூணு தரம் கேட்டேன். எல்லாரும் உங்க மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தோம்."

அன்று கூட்டத்தில் நான் யாரையும் பார்க்கவில்லை. கட்டுரைக்கு முடிவுரை யோசித்துக்கொண்டிருந்தேன்.