மூச்சும் சேர்ந்ததுதான் பாட்டு

ஜனவரி 12
கடைசிப் பகுதியும் இன்று விரலுக்குப் படிந்துவிட்டது. தோழி எனக்காகவே எழுதிய புதுப் பாட்டு. முக்கால்வாசி இடத்தில் ஸ்வரமே கிடையாது; புல்லாங்குழலுக்குள் ஓடும் காற்று, துளைகளில் விரல் தட்டும் சத்தம், என் மூச்சு. இதை ஊத என்னை விட்டால் ஆளில்லை. தற்பெருமைதான். என் நாட்குறிப்பில் இல்லாமல் வேறெங்கே அடித்துக்கொள்வது?

கதவைத் திறந்தால் வெளியே கணவர். "யாரோ சைக்கிளுக்குக் காத்தடிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

ஜனவரி 19
ஒலிப்பதிவு முடிந்தது. அதைக் கேட்டுவிட்டுத்தான் ஏப்ரல் கச்சேரியில் பாட்டைச் சேர்ப்பதா என்று அரங்க மேலாளர் சொல்வார். வருடா வருடம் அங்கே வாசிக்கிறேன், எப்போதும் ஜனங்களுக்குப் பழகிய மெட்டுகளே. இந்த முறை இது உள்ளே போயே ஆக வேண்டும். பதிவுக்காரர் தானே நேராக அனுப்பிவிடுகிறாராம்.

ஜனவரி 23
மேலாளர் போன் செய்தார். "வாசிப்பு சுத்தமா இருக்கும்மா. ஆனா பாட்டு எப்ப ஆரம்பிக்குதுன்னே தெரியல. வழக்கமா வாசிக்கிறதையே வச்சுக்கலாமே?"

பதிவை வாங்கிக் கேட்டேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஸ்வரம், நடுவில் மயான அமைதி. பதிவுக்காரரைப் பிடித்தேன்.

"மூச்சுச் சத்தம் நிறைய விழுந்திருந்துச்சுக்கா. ரெண்டு நாள் உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துட்டேன்."

குரலில் அவ்வளவு சந்தோஷம்! அடப்பாவி, நீ எடுத்துப் போட்டதுதானப்பா பாட்டே! அசலையும் அழித்துவிட்டாராம். திட்டவும் வாய் வரவில்லை. பாடகர்களின் மூச்சை அழித்துக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு.

ஜனவரி 24
அழுதேன். கொஞ்ச நேரம்தான்.

ஜனவரி 25
மாலை வகுப்பு. என்னிடம் படிக்கும் பல் டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "மூச்சு கேக்காம ஊதணும்னு என்னை அந்த விரட்டு விரட்டினீங்களே!" என்று மடக்கினார்.

"முதல்ல மறைக்கக் கத்துக்குங்க டாக்டர். அப்புறம் எதைக் கேக்க வைக்கணும்னு நீங்களே முடிவு பண்ணலாம்."

நல்ல பதில்தான். ஆனால் மேலாளரிடம் பேசி ஆகப் போவது ஒன்றுமில்லை. நேரில் போய் ஊதிவிட வேண்டியதுதான்.

ஜனவரி 28
மேலாளர் அறையில் ஏசி உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே நிறுத்தினார். மேஜைக்கு எதிரே நின்றபடியே வாசித்தேன். வெறும் காற்று வரும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார்.

முடித்ததும், "நீங்க நிறுத்தினப்புறம்தான் நானும் மூச்சு விட்டேன் போல" என்றார்.

"அப்ப சேர்த்துக்கலாமா சார்?"

"சேர்த்துக்கலாம். ஆனா அரங்கத்துலயும் ஏசியை நிறுத்தணுமே, ஏப்ரல் வெயில்ல யாரு உக்காருவா? நடுவுல எழுந்து போனா என்னைச் சொல்லக் கூடாது."

போக மாட்டார்கள் என்று அடித்துச் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

ஏப்ரல் 6
கச்சேரி முடிந்தது. அந்தப் பாட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். ஏசியை நிறுத்தியதுமே நிகழ்ச்சித் தாளால் விசிற ஆரம்பித்துவிட்டார்கள். அரங்கம் முழுக்கப் படபடவென்று சத்தம். என் காற்று எங்கே கேட்கப் போகிறது? போச்சுடா என்றுதான் நினைத்தேன். ஆனாலும் குழலை எடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் முன் வரிசையில் ஓர் அம்மாள் தாளை மடியில் வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர். கடைசிப் பகுதிக்கு நான் வந்தபோது எல்லார் முகத்திலும் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. ஒருவர்கூட விசிறவில்லை.