வாப்பாவின் கையும் காரின் நடுக்கமும்

சாய்ந்தமருது
ஞாயிறு காலை

அன்பு மகன் அஸீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அங்கே வெயிலில் நிற்கும் உங்களுக்கும் அதே சுகத்தை அவனிடம் கேட்கிறேன். நேற்றுத்தான் போனில் கதைத்தோம், பிறகு எதற்கு உம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள், குறை நினைக்க வேண்டாம். போனில் கதைக்கும்போது வாப்பா பக்கத்திலேயே இருப்பார், அவர் எழும்பிப் போனாலும் எனக்குச் சொல்ல வாய் வராது. பக்கத்து வீட்டு றிம்சான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறான், அவனிடம் இதையும் கொஞ்சம் மாசிச் சம்பலும் கொடுத்துவிடுகிறேன். சம்பலை வெளியில் வைக்காதீர்கள், பழுதாகிவிடும்.

நிந்தவூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது நீங்கள் வாங்கித் தந்த கார் நடுங்கியது உங்களுக்குத் தெரியும். ஒரு பஸ்ஸை முந்துவதற்கு வாப்பா எக்ஸிலேட்டரை மிதித்தார், கார் முழுக்க உதறியது, பின் சீட்டிலிருந்த சுபைறா மாமி சத்தமாகக் கலிமா சொல்லத் தொடங்கிவிட்டா. கல்யாண வீட்டில் சோற்றுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்ததும் றிஷாட் மாமாதான் கதையைத் தொடங்கினான். மச்சான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிச்சாலே கை நடுங்குது, ஸ்டியரிங்கப் பிடிச்சா கார் நடுங்காம என்ன செய்யும் என்றான், எல்லோரும் சிரித்தார்கள், வாப்பாவும் சிரித்தார். அந்தக் கதை உங்களுக்கு எட்டி, நீங்கள் பயந்துபோய் அன்றே போன் எடுத்தீர்கள். வாப்பா இனிக் காரைத் தொட வேணாம், சாவிய மாமாட்டக் குடுங்க என்றீர்கள். போன் ஸ்பீக்கரில் கிடந்தது மகன், வீடு நிறைய ஆட்கள். பயத்தில் சொன்னீர்கள் என்று எனக்கு விளங்கும். வாப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். இத்தனை வருஷம் அட்டாளைச்சேனையிலிருந்து கொழும்புக்கு நெல் லொறி ஓட்டிய மனிதர், அதற்குப் பிறகு பிரஷர் குளிசை எடுக்கக்கூட பஸ்ஸில் நின்றுகொண்டு போய் வருகிறார்.

அவர் கை நடுங்குவது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. கல்முனையில் டொக்டரிடம் காட்டினோம், கையையும் கண்ணையும் சோதித்துவிட்டு, பகலில் ஓட்டலாம், இரவில் வேண்டாம் என்றார். ஆனால் சாவி கை மாறிய பிறகும் கார் நடுங்கியது. றிஷாட் மாமாவோடு சந்தைக்குப் போகும்போதெல்லாம் உதறும், கேட்டால் றோட்டுப் பள்ளம் என்பான். ஜீவராஜின் கராஜில் பிளக் மாற்றியும் ரயர் பலன்ஸ் பார்த்தும் சரிவரவில்லை. நான் முன் சீட்டில் பேசாமல் இருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். எக்ஸிலேட்டரை மிதித்து வேகம் எடுக்கும்போது மட்டும் உதறுகிறது, காலை எடுத்தால் அதே வேகத்திலும் அடங்கிவிடுகிறது. கியரில் போடாமல் நிற்கிற இடத்தில் எவ்வளவு மிதித்தாலும் நடுக்கமே இல்லை. அப்படியென்றால் என்ஜினில் குறை இல்லை, ரயரிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவில்தான் ஏதோ என்று பட்டது. ஆண்கள் நிற்கிற கராஜில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம், சொல்லாமலே திரும்பி வந்த நாளும் உண்டு. கடைசியில் சொன்னபோது, ராத்தா, நீங்க கெம்பஸ்ல படிச்சது தமிழா மெக்கானிக்கா என்று தம்பி றிஷாட் பகிடி பண்ணினான். ஜீவராஜ் சிரிக்கவில்லை. அக்கா சொல்றது சரிபோலக் கிடக்கு, இருங்க பாப்பம் என்று காரைத் தூக்கினான்.

கியர்ப் பெட்டியிலிருந்து முன் ரயருக்குப் போகும் தண்டில் கரைவலை நூல் உருண்டையாகச் சுற்றிக் கிடந்தது. அது மூட்டின் றப்பர் உறையை அறுத்து, கிறீஸ் முழுக்க வெளியேறி, உள்ளே கடல் மண் போய் மூட்டே தேய்ந்துவிட்டது. இந்தக் காரை யார் கடற்கரை வாடிப் பக்கம் மணலுக்குள்ள இறக்கினது என்று ஜீவராஜ் கேட்டான். கல்யாணத்துக்கு முந்தின கிழமை தன் கரைவலை மீனை ஏற்ற நம்மிடம் காரை இரவல் வாங்கிப் போனது றிஷாட் மாமாதான். முகம் செத்துப்போயிற்று அவனுக்கு. அந்த நூலைக் கையில் எடுத்து, நம்மட வலை மீனப் பிடிக்கல்ல, காரப் பிடிச்சிட்டு என்றான். அவனைக் கோபிக்காதீர்கள், தண்டை மாற்றிக் கொடுத்ததும் அவன்தான். இப்போது எவ்வளவு மிதித்தாலும் கார் தண்ணீர்போல் போகிறது. அன்றைக்கே சாவியைக் கொண்டுவந்து, மச்சான், குத்தம் எனக்கிட்ட என்று நீட்டினான். வாப்பா வாங்கவில்லை. மகன்ட கார், மகன் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு அஸர் தொழுகைக்கு நடந்து போய்விட்டார். றிஷாட் அதை நம் வீட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனான், இன்னும் அங்கேதான் கிடக்கிறது, சாவியை எடுக்காமல் சுற்றித் துடைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், தொழுகையை விடாதீர்கள், றூமில் உள்ள பிள்ளைகளுக்கும் என் ஸலாம். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பறக்கத்தைத் தந்து நல்லபடி ஊர் சேர்ப்பானாக.

இவ்வளவும் எழுதியது ஒன்றைக் கேட்கத்தான் மகன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் இங்கே சாப்பிட வருவார்கள், அந்த நேரம் போன் எடுங்கள். மன்னிப்பு ஒன்றும் கேட்க வேண்டாம், வாப்பா கூச்சப்பட்டு எழும்பிப் போய்விடுவார். பெருநாளைக்கு நீங்கள் வரும் பஸ் விடிந்த பிறகுதானே கல்முனைக்கு வரும்? என்னை ஏற்ற நீங்கதான் வரவேணும் வாப்பா, வேற ஆரும் வேணாம் என்று, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.

உங்கள் உம்மா,
மர்ஷூதா