பின்னால் ஏழு அடி

மார்ச் 3, திங்கள்

நாமக்கல். லாரி பாடி கட்டும் பட்டறை. வரைபட வேலையில் முதல் நாள்.

முதலாளி சண்முகவேல் சொன்னார்: "கண்ண மூடிக்க சாமி. ஒரு லாரிய நெனச்சுக்க. ஏணி எந்தப் பக்கந் தெரியுது?"

மூடினேன். இருட்டு. லாரி வரவில்லை. எனக்கு எதுவுமே வந்ததில்லை. மனதில் படம் ஓடாது. அதைச் சொல்லித் தொலைத்தேன்.

"படமே தெரியாதவ படம் போட வந்திருக்கறயா? செரி. ஒரு மாசம் பாக்கறேன். அப்பறந்தான் வேல."

மார்ச் 4

உடன் வரையும் நவீன்குமார் கண்ணை மூடினால் லாரி சுற்றுமாம். எல்லாப் பக்கமும் தெரியுமாம்.

"உங்கம்மா மொகங்கூட வராதுங்களா?"

"வராது."

"அப்பறம் எப்படிங்க அடையாளங் கண்டுபுடிப்பீங்க?"

"பாத்ததும் திட்டுவாங்க."

மார்ச் 10

பல்கலைக்கழகத்தில் படித்தபோது, அடுக்கிய கட்டைகளை மனதில் திருப்பிப் பார்க்கும் தேர்வில் நான்தான் முதல். திருப்பவே இல்லை. 'இரண்டு மேலே, ஒன்று இடம், ஒன்று உள்ளே' — முணுமுணுத்தேன், அவ்வளவுதான்.

லாரிக்கு அது போதவில்லை. எனவே நானே லாரி. வலது தோள் டிரைவர் பக்கம். இடது தோள் கிளீனர் பக்கம். முதுகு, பின்கதவு. டீசல் டேங்க் இடுப்பில்.

மார்ச் 19

மோகனூர் கோழிப்பண்ணை வேலுசாமி வந்தார். முட்டை வண்டிக்குப் பக்கக் கதவு ஒன்று வேண்டும். "பண்ணைக்குள்ள நொழஞ்சா ஏத்தற மேடை எடக்கைப் பக்கமுங்க. வண்டி ரிவர்ஸ்லதான் உள்ள போவும்."

நவீன்குமார் இரண்டு நொடி கண் மூடினான். கிளீனர் பக்கம் வரைந்தான். அவன் பார்த்த லாரிகளில் எல்லாம் கதவு அங்கேதான். நாளை தகடு வெட்டு.

உறுத்தியது. நம் பட்டறையிலும் நுழைந்தால் இடப்பக்கம் வெல்டிங் மேசை. அதுதான் மேடை என்று வைத்துக்கொண்டு வாசலிலிருந்து பின்பக்கமாக நடந்தேன். மேசை வலது கையில் தட்டியது. வலது! அடுத்து முதலாளியின் நாற்காலி. அவர் சட்டையில் டீ.

"ரிவர்ஸ்ல வந்தா ஆரன் அடிக்கோணுமல்ல?"

"கதவு டிரைவர் பக்கமுங்க."

எழுந்தார். வாசலுக்குப் போனார். பின்பக்கமாக நடந்துவந்தார். வலது கையால் மேசையைத் தொட்டார். பிறகு வேலுசாமிக்குப் போன் போட்டார்.

"டேய் நவீனு, தகட்டுல கை வெக்காத."

ஏப்ரல் 3

மாதம் முடிந்தது. முதலாளி அடுத்த லாரிக்கான ஆர்டரை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

அவர் நாற்காலி இப்போது சுவரோரம். பின்பக்கமாக ஏழு அடி நடந்தேன். ஆறு அடிவரை எதிலும் இடிக்கவில்லை. ஏழாவது அடியில் நவீன்குமார் — அவனும் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தான்.