அப்பா போட்ட கிளைகள்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம், மனசைப் பற்றிக் கேட்காதே. உன் நலத்துக்கு என்ன குறை, காட்டை ஊரார் காலில் மிதிபட விட்டுவிட்டுத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறாய். என் விரலில் தையல் ஊசி ஏறிவிட்டதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். ஒரு சொல்லையும் மென்மையாக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

குளிர் விட்டு, மரங்கள் இலை விடுவதற்குள் கொஞ்ச நாள்தான் காட்டுத் தரையில் வெயில் விழும். அதற்குள் அந்த நீலப் பூக்கள் முளைத்துப் பூத்து முடித்துவிட வேண்டும், உனக்குத் தெரியாததா? ஆசையாக இவள் உனக்கு அனுப்பிய படத்தை ஊரே பார்க்க இணையத்தில் போட்டாய், போகட்டும், வழியை எதற்கடா எழுதினாய்? அதுவும், "பாலம் தாண்டினா குறுக்கே காஞ்ச கிளை கிடக்கும், அது சும்மா, தாண்டிப் போங்க" என்று. அதுவா சும்மா? காட்டுக் காவலுக்கு வந்த நாளிலிருந்து உன் அப்பா அங்கே ஒரு பலகை வைத்ததில்லை. பலகை வைத்தால் இங்கே ஏதோ இருக்கிறதென்று நாமே காட்டிக்கொடுத்த மாதிரி, காற்றில் விழுந்ததுபோல் கிளையைப் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்காமல் போவார்கள் என்பார். அரைக்கால் சட்டையோடு நீயும் சேர்ந்து இழுத்த கிளைகள்தானே!

ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் சந்தைபோல் கூட்டம். பூவுக்கு நடுவே படுத்துப் படம் எடுத்தார்கள், விசில் ஊதியும் கத்தியும் அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மறுநாள் ஒருவன் என் தையல் கடைக்கு முட்டி கிழிந்த பேன்ட்டோடு வந்து, "உங்க பையன் போட்ட இடத்துலதான்க்கா வழுக்கிட்டேன், சூப்பர் இடம்க்கா" என்று பல்லைக் காட்டினான். ஆத்திரத்தோடு அதைத் தைக்கும்போதுதான் விரலில் ஊசி ஏறியது. இலை நசுங்கினால் மண்ணுக்குள் கிழங்கு பட்டினி கிடக்கும், அடுத்த வருஷம் பூக்காது என்று இவள் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அழுகிறாள், படம் அனுப்பிய பாவம் தன்னுடையதாம். மேலதிகாரியோ, காக்க முடியாவிட்டால் அப்பாவை நகரப் பூங்காவின் கேட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். அந்த மனுஷன் கேட்டில் உட்கார்ந்தால் உயிரோடு இருப்பாரா? உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "அவன் ஊர்ல கட்டடம்தானே இருக்கும், நம்ம காடுன்னு பெருமையா காட்டியிருப்பான், விடு" என்கிறார். அவர் திட்டாததையும் சேர்த்து நான் திட்டுகிறேன்.

இதைப் படித்ததும் சாப்பிடப் போவதற்கு முன்னால் அந்தப் படத்தை அங்கிருந்து எடுத்துவிடு. வழி சொன்னது நான்தான், அப்பா மேல் தப்பில்லை என்று அதிகாரிக்கு உன் கையாலேயே எழுது. எழுதிவிட்டு வேளைக்குச் சாப்பிடு, கோபத்தில் பட்டினி கிடக்காதே, கோபப்பட வேண்டியவள் நான். யார் காலும் படாத இன்னொரு இடத்தில் கொஞ்சம் பூத்திருப்பதை அப்பா கண்டுபிடித்திருக்கிறார். எங்கே என்று எழுத மாட்டேன், நான் சொன்னாலும் இவள் எழுத மாட்டாள். அடுத்த முறை பூக்கும்போது லீவு போட்டு வா. போனை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பா பின்னால் நட. கிளையைத் தாண்டியதும் நின்று, திரும்பி, அதை இழுத்துப் பழையபடி போட்டுவிட்டுப் போ.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அந்த வேண்டுதலில் மட்டும் கோபமில்லை.

இன்னும் ஆறாத
உன் அம்மா