அத்தை காய்ச்ச வேண்டிய பால்

ஆவணி, ஞாயிறு இரவு.

நீலாங்கரையில் மகன் வாங்கிய கடற்கரை வீட்டுக்கு இன்று கிரகப்பிரவேசம். எங்கள் குடும்பத்தில் அத்தைதான் முதல் பாலைக் காய்ச்ச வேண்டும். "அத்தையைக் கூப்பிடணுமேப்பா?" என்று மகனே கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். அந்தப் பணக்காரத் தெருவில் என் தங்கை உரக்கப் பேசிவிடுவாளே என்று கூசினேன்.

மருமகளின் தோழி கரண்ட் அடுப்பில் பாலை வைத்தாள். பொங்குவதற்குள் அடுப்பு தானாக அணைந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காஞ்சிபுரம் திரும்பியதும் முசரவாக்கத்திலிருந்து தங்கை போன் செய்தாள்.

"இன்னாண்ணா, புள்ள வூட்டுல எப்போ பால் காச்சறது? புதுசா பித்தளைக் குண்டான் வாங்கி வச்சிக்கினு குந்தியிருக்கேன். சமுத்திரத்தைப் பாத்ததும் தங்கச்சிய மறந்துட்டியா?"

"இன்னும் நாள் குறிக்கலைம்மா" என்றேன்.

"சரி, குறிச்சதும் சொல்லு. எனக்கு அங்க வழி தெரியாது. நீதான் கூட்டிக்கினு போவணும்."

மருமகள் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டாள். தங்கையின் மகன் நாளை அவளிடம் காட்டிவிடுவான். அதற்குள் முதல் பஸ்ஸில் போய் நானே சொல்லிவிட வேண்டும். போனதும் காப்பி கொடுப்பாள். அதை வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். குடித்துவிட்டால் எனக்கு வாய் வராது.